மூன்றாம் வரிசையில் அழுகிறவள்

"உனக்கு அழத் தெரியுமா?"

மேனேஜர் அவளிடம் இதைக் கேட்டு மூன்று வருடமாகிறது. அன்று அவள் அரங்கத்தின் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே குனிந்து, முந்தின நாள் ஆட்டம் பார்க்க வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன டிக்கெட் துண்டுகளையும் மிட்டாய்த் தாள்களையும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தன்னிடம்தான் கேட்கிறாரா என்று சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. மேடையில் உட்கார்ந்து திரைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த தையற்காரர்தான் அவளுக்காகப் பதில் சொன்னார்.

"அதுக்கு மூச்சு விடவே வெக்கம் சார். அத போய் அழச் சொல்றீங்களே!"

அந்த அரங்கத்தில் அவள் பெயரே மூச்சுதான். ஒரு இடத்தில் அவள் இருக்கிறாள் என்பதே தெரியாது, மூச்சுச் சத்தம்கூட வெளியே வராது என்று கேலியாக வைத்த பெயர். வைத்தது அவளுடைய சொந்த அக்கா.

மேனேஜர் சிரிக்கவில்லை. சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல அவள் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"இந்த மூஞ்சிதான்யா எனக்கு வேணும். இது நடிக்குதுன்னு கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணாலும் ஒருத்தன் நம்பமாட்டான்."

விஷயம் இதுதான். நகரத்தில் சொந்தக் கட்டடம் வைத்திருக்கும் பெரிய கலை நிறுவனங்கள் நாலைந்துக்கு மாநகராட்சி வருடாவருடம் நடப்புச் செலவு மானியம் கொடுத்துவந்தது. நாடகம் போடுவதற்கான பணமல்ல அது. நாடகம் போட்டாலும் போடாவிட்டாலும் கரண்ட் பில் வரும், கூரை ஒழுகும், வாட்ச்மேனுக்கு வயிறு பசிக்கும், அதற்கான பணம். டிக்கெட் விற்று வருவதில் திரைக்கு ஒட்டுப் போடலாம், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. மானியம் நின்றால் அரங்கத்தை இழுத்துப் பூட்டிவிட்டு எல்லோரும் தெருவுக்குப் போகவேண்டியதுதான். இவர்கள் எப்போது மண்ணைக் கவ்வுவார்கள், இவர்களுடைய பங்கும் நமக்கு எப்போது வந்து சேரும் என்று ஆற்றுக்கு அந்தப் பக்கத்து இசையரங்கம் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை மானியக் குழு வந்து ஆட்டம் பார்க்கும். பார்ப்பது என்றால் மேடையை அல்ல. நாற்காலி நிறைந்திருக்கிறதா, வந்தவர்கள் ரசிக்கிறார்களா, தூங்குகிறார்களா என்றுதான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். அதனால் அன்றைக்கு மட்டும் அரங்கம் நிரம்பி வழியும். வாட்ச்மேனின் மாமனார் வீட்டார், தையற்காரரின் சம்பந்தி வீட்டார், எதிர்க் கடைக்காரரின் மச்சான்மார் எல்லோரும் குளித்து முழுகி வந்து உட்காருவார்கள். எங்கே சிரிக்கவேண்டும், எங்கே கைதட்டவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பார்கள். ஒரு வருடம், யாரும் சொல்லாமலே, டிக்கெட் வாங்கி வந்திருந்த ஒரு அம்மாள் கடைசிக் காட்சியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். குழு அறிக்கையில் அதைப் பற்றியே இரண்டு வரி எழுதியிருந்தார்கள். அந்த வருடம் மானியமும் கூடியது. மேனேஜர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"கைதட்ட ஆள் இருக்கு, சிரிக்க ஆள் இருக்கு. அழறதுக்குத்தான் ஊர்ல பஞ்சம்" என்றார்.

மூச்சு கற்றுக்கொண்டாள். துக்கமான விஷயத்தை நினைத்துக்கொள் என்று மேனேஜர் சொன்னது பலிக்கவில்லை. துக்கத்தை நினைத்தால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளுமே தவிர கண்ணில் ஒன்றும் வராது. வழியை அவளே கண்டுபிடித்தாள். மேடையின் மேல்விளக்கு ஒன்றை இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கண் எரியும், பொறுக்கவேண்டும். அந்த விளக்கு மங்கும்போது இமைத்தால் பொலபொலவென்று கொட்டும். இறந்துபோன லைட்மேனின் மகள் என்பதால் எந்த விளக்கு எப்போது மங்கும் என்று அவளுக்கு மனப்பாடம். மூன்றாம் வரிசையில் குழுவுக்குப் பக்கத்து நாற்காலியில் அவளை உட்கார வைத்தார்கள். இரண்டு வருடம் அழுதாள். இரண்டு வருடமும் மானியம் வந்தது.

அதற்கு அவள் கூலி கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு.

மேடையின் பின்சுவரை ஒட்டி இரண்டு அறைகள் இருந்தன. லைட்மேன் எந்நேரமும் கூப்பிடு தூரத்தில் இருக்கவேண்டும் என்று அவளுடைய அப்பாவுக்குக் கொடுத்தவை. அப்பா போன பிறகும் காலிசெய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இருக்கலாம் என்று எழுதிக்கொடுக்கவும் இல்லை. அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனது அந்த அறையில்தான். அப்போது அக்காவுக்கு அரங்கத்தின் நாடகக் குழுவில் முதன்முதலாக ஒரு சின்ன வேஷம் கிடைத்திருந்தது. வீட்டோடு ஒருத்தி இருந்தாகவேண்டும்.

"நீ பள்ளிக்கூடத்துல வாயத் தொறக்கறதே இல்ல. அங்க போய் உக்காந்துட்டு வர்றதுக்கு இங்கயே உக்காரு" என்று அக்கா சொன்னாள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவுக்கு நாக்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குரல் நைந்துபோயிருந்தது. பக்கத்து அறைக்குக்கூட எட்டாது. அதனால் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்துக்கொண்டு சுவரில் தட்டுவாள். ஒரு தட்டு தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் என்னைத் திருப்பிப் போடு. நிறுத்தாமல் தட்டினால் உடனே ஓடி வா. அரங்கத்தில் எந்த மூலையில் பெருக்கிக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தம் மூச்சுவின் காதில் விழுந்துவிடும். கூப்பிடும்போது ஓடிப்போய் நிற்கிற தூரத்தில் அம்மா இருக்கவேண்டும். அந்த இரண்டு அறையும் போய்விடக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இந்த வருடம் குழுவுக்குப் புதிய தலைவி வந்திருந்தாள். எழுதிக் கொடுத்ததையெல்லாம் வரி விடாமல் படிக்கிறவள் என்றும், படித்ததை நேரில் பார்க்காமல் போகமாட்டாள் என்றும் இசையரங்கத்தில் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் இரண்டு வருடமாக விண்ணப்பத்தில் ஒரு பொய் எழுதிவந்தார். அரங்கத்தின் பின்கட்டில் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு இலவச நாடகப் பயிற்சி அறை நடக்கிறது என்று. பின்கட்டில் அம்மா படுத்திருந்தாள்.

மேனேஜர் வீட்டுக்கே வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து கையைப் பிசைந்தார்.

"ஒரே ஒரு நாள்தான்மா. அவங்க வந்துட்டுப் போற வரைக்கும். மானியம் கைக்கு வந்துட்டா இந்த ரெண்டு ரூமையும் உங்க பேருக்கு எழுத்துல குடுத்துடறேன். இது என் பொறுப்பு."

"எங்க குலவழக்கப்படி ரூமை விட்டுப் போறதுன்னா நாலு பேர் தூக்கணும் தம்பி. ஆள் இருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"அம்மா, சும்மா இரேன்" என்றாள் அக்கா. இந்த முறை முக்கிய வேஷம் அவளுக்கு. வருடக்கணக்காகத் தாம்பாளம் ஏந்தியும் கதவு திறந்தும் காத்திருந்து வாங்கிய வேஷம். தம்பி தங்கைகளை வளர்த்து ஆளாக்குவதற்காகத் தன் வாழ்க்கையையே விட்டுக்கொடுக்கும் ஒரு மூத்த பெண்ணின் கதை.

"நல்ல வேஷம்டி. உனக்குப் புதுசா இருக்கும்" என்றாள் அம்மா.

குழு வரும் நாளன்று அம்மாவை அடுத்த பேட்டையில் இருக்கும் சின்னம்மா வீட்டில் விடுவதாக ஏற்பாடு. வண்டியும் சொல்லியாயிற்று. ஆனால் தலைவிக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. சொன்ன தேதிக்கு முன்பே வந்து நிற்பாள். குழு மறுநாள்தான் வரவேண்டும். முதல் நாள் சாயங்காலமே விளக்கு வைக்கிற நேரத்தில் வாட்ச்மேன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், வந்துட்டாங்க! கேட் பக்கத்துல கார் நிக்குது!"

பிறகு நடந்ததெல்லாம் தீப்பிடித்த வீட்டில் நடப்பதுபோல நடந்தது. மேனேஜர் தலைவியை முன்வாசலில் நிறுத்தி அரங்கத்தின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தார். வாட்ச்மேன் மாமனார் வீட்டுக்கு ஓடினார். மேடை ஆட்கள் இருவர் பின்கட்டுக்கு வந்து, எதில் தூக்குவது என்று தெரியாமல், நாடகத்துக்கு வைத்திருந்த ராஜா நாற்காலியைக் கொண்டுவந்து அம்மாவை அதில் உட்காரவைத்தார்கள். தங்கக் காகிதம் ஒட்டி, சிங்கத் தலைகள் வைத்த நாற்காலி.

"கடைசில என்னையும் ராணியாக்கிட்டீங்களேடா" என்றாள் அம்மா. டம்ளரை மட்டும் விடாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

எங்கே கொண்டுபோவது? தெருவழியாகப் போனால் தலைவி கண்ணில் படும். மேடைக்கு அடியில் பழைய உடைகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் போட்டுவைக்கும் அறை இருந்தது. நாலு படி இறங்கவேண்டும். அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள். நாலா பக்கமும் தொங்கும் சேவகர் அங்கிகளுக்கு நடுவே சிங்காசனத்தில் அம்மா. மேலே ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. மூச்சு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அம்மாவின் முழங்காலில் போர்வையைப் போர்த்தினாள். விட்டுப் போக மனம் வராமல் நின்றாள்.

"போடி. போய் அழு" என்றாள் அம்மா. "லைட்டு இருக்கு, தண்ணி இருக்கு. எனக்கென்ன?"

மேடை ஆள் கதவைச் சாத்தி வெளியே பூட்டுப் போட்டார். ஆட்டம் நடக்கும்போது மேடைக்கு அடியில் யாரும் போகாதபடி பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது அவருடைய வழக்கம். கை தானாகச் செய்துவிட்டது.

அம்மாவின் கட்டில்மேல் பூப்போட்ட துணியை விரித்து நாலு பொம்மைகளை உட்காரவைத்தார்கள். சுவரில் காகித முகமூடிகளை மாட்டினார்கள். மருந்து வாடை போக ஊதுவத்தி ஏற்றினார்கள். பார்ப்பதற்கு இரண்டு வருடமாகப் பிள்ளைகள் ஆடிப்பாடும் அறை மாதிரிதான் இருந்தது.

மூச்சு மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் தலைவி. நரைத்த தலை, சாந்தமான முகம். இவளைப் பார்த்துச் சிரித்தாள். மணி அடித்தது. அரங்கத்து விளக்குகள் மெல்ல மெல்ல மங்கி அணைந்தன.

அப்போதுதான் மூச்சுவுக்கு அது ஞாபகம் வந்தது.

மேடைக்கு அடியில் இருக்கும் பல்புக்குத் தனி ஸ்விட்ச் கிடையாது. ஆட்டம் தொடங்கியதும் அங்கே வெளிச்சம் இருந்தால் பலகை இடுக்கு வழியாக மேடையில் கோடு கோடாக அடிக்கும். ஒவ்வொரு முறையும் இறங்கிப்போய் அணைக்கச் சோம்பல்பட்டு, அப்பாதான் அதை அரங்கத்து விளக்குகளோடு ஒரே லைனில் இணைத்துவிட்டார். அரங்கம் அணைந்தால் அதுவும் அணையும். அப்பாவுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். பல்பு எரிவதைப் பார்த்துத் திருப்தியோடு வந்தவளும் அவள்தான்.

அம்மாவுக்கு இருட்டு என்றால் ஆகாது. இரவில்கூட சின்ன விளக்கு இல்லாமல் தூங்கமாட்டாள்.

முதல் காட்சி முடியும்வரை ஒன்றும் கேட்கவில்லை. தூங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாம் காட்சியில் ஒரு தட்டு கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு. வாட்ச்மேனின் மாமனார் வீட்டார் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தார்கள், அதில் அது அமுங்கிப்போனது. எழுந்து போய்விடலாமா என்று நாற்காலியின் கையைப் பிடித்தாள். ஓரத்தில் நின்றிருந்த மேனேஜர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார் என்று கண்ணால் காட்டினார். எழுந்தால் தலைவியும் திரும்புவாள். எங்கே போகிறாள் என்று பார்ப்பாள். பூட்டைத் திறந்தால் குட்டு உடையும். மானியம் போகும், அரங்கம் போகும், அறை போகும். அறை போனால் அம்மா எங்கே போவாள்? உட்கார்ந்திருப்பதும் அம்மாவுக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடைசிக் காட்சி வந்தது. எல்லோரையும் கரையேற்றி அனுப்பிவிட்டு, மூத்தவள் காலி வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். மேடையில் அக்கா ஒருத்திதான். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த அமைதியில், மேடைக்கு அடியிலிருந்து, நிறுத்தாமல் தட்டு கேட்டது. டம்ளர் சத்தம். டொக் டொக் டொக் டொக் என்று, பைத்தியம் பிடித்ததுபோல.

ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவி தலையைச் சாய்த்துக் கேட்டாள். மூச்சு எழுந்துவிட்டாள். முழுதாக அல்ல, நாற்காலியிலிருந்து பாதி.

அக்கா மேடையில் தலையைத் தூக்கினாள். அந்த இடத்தில் அவளுக்கு வசனமே கிடையாது. முன்னால் நடந்துவந்து நேராக மூன்றாம் வரிசையைப் பார்த்தாள்.

"கதவு தட்டுதா?" என்றாள், நடுங்கும் குரலில். "காத்துதான் தட்டுது. இந்த வீட்டுல என்னைத் தேடி வர யாரு இருக்கா? யாரும் எழுந்திரிக்காதீங்க. உக்காருங்க. தட்டிட்டு அதுவே ஓஞ்சு போயிடும்."

கூட்டம் சிலிர்த்துப்போனது. கைதட்டச் சொல்லாத இடத்தில் கைதட்டினார்கள். மூச்சு உட்கார்ந்துவிட்டாள். மேல்விளக்கைப் பார்க்க மறந்துவிட்டாள். கண்ணிலிருந்து என்ன வந்தது, மூக்கிலிருந்து என்ன வந்தது என்று தெரியாமல், அசிங்கமாக, தோள் குலுங்க, வாயில் கையைத் திணித்துக்கொண்டு அழுதாள். தலைவி மேடையை விட்டுவிட்டு இவளையே பார்த்தாள். தன் கைக்குட்டையை எடுத்து இவள் மடியில் வைத்தாள்.

தட்டிக்கொண்டிருந்தது ஒரு கட்டத்தில் ஓய்ந்தது. திரை விழுந்தது.

விளக்குகள் எரிந்ததும் மூச்சு ஓடத்தான் பார்த்தாள். தலைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்படியே அவளை மேடையின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வேஷம் கலைக்காமல் அக்கா இறங்கி வந்தாள். மேனேஜர் கைகட்டி நின்றார்.

"இந்த மாதிரி அழுத பார்வையாளரை நான் பாத்ததே இல்ல" என்றாள் தலைவி. "ஏம்மா, எது உன்னை இப்படி அழ வச்சது?"

மூச்சு வாயைத் திறந்தாள். "அம்மா" என்பது மட்டும்தான் வந்தது.

"அம்மா ஞாபகம் வந்துடுச்சா? அம்மா இல்லையா உனக்கு?"

மூச்சு அக்காவைப் பார்த்தாள்.

"இல்லைங்க" என்றாள் அக்கா. "இவ என் தங்கச்சி. அம்மா தவறிட்டாங்க. நாங்க ரெண்டு பேர்தான்."

அவள் முதுகுக்குப் பின்னால், மேடைக்கு அடியில் அம்மா. ஒரு பலகைதான் நடுவில்.

தலைவி பிள்ளைகளின் அறையைப் பார்த்தாள். பொம்மைகளைத் தடவினாள். முகமூடி ஒன்றை முகத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். மேனேஜர் பிஸ்கட்டும் டீயும் கொடுத்து வழியனுப்பிவிட்டு வருகிறவரை பூட்டைத் திறக்கச் சாவிக்காரரை விடவில்லை.

திறந்தபோது பல்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா நாற்காலியிலிருந்து நழுவி, சிங்கத் தலையில் ஒரு கையைக் கோத்துக்கொண்டு தொங்கினாற்போல இருந்தாள். சொம்பு கவிழ்ந்து போர்வையெல்லாம் ஈரம். அது தண்ணீர் மட்டும் அல்ல. டம்ளர் உருண்டு அங்கிகளுக்குக் கீழே போயிருந்தது. அதற்குப் பிறகு விரலால் தட்டியிருக்கிறாள். கணுக்களில் தோல் உரிந்திருந்தது. மூச்சு அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள்.

"உங்கப்பா இழுத்த லைன்தானே இது" என்றாள் அம்மா. "நல்லாத்தான் வேலை செய்யுது."

வாசலில் அக்கா நின்றிருந்தாள். அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"கொன்னதுதான் கொன்னே. என்ன வியாதில செத்தேன்னும் சொல்லியிருக்கலாம்ல? நாலு பேர் கேட்டா நானும் அதையே சொல்லணுமே."

அதுதான் அவள் பேசிய கடைசிக் கிண்டல். கட்டிலுக்குத் திரும்பியபின் டம்ளரை மூச்சு கழுவி அவள் கையில் கொடுத்தாள். அம்மா அதை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டாள். பிறகு அந்தச் சுவரில் ஒருநாளும் தட்டவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் உதடு காய்ந்து கிடப்பாளே தவிரக் கூப்பிடமாட்டாள். மூச்சு பெருக்கிக்கொண்டிருக்கும்போது நின்று நின்று காது கொடுப்பாள். பின்சுவர் சும்மா இருக்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் அம்மா கண்ணைத் திறந்துகொண்டு சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள்.

மானியம் வந்தது. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே வந்தது. மேனேஜர் இனிப்புப் பெட்டியோடு பின்கட்டுக்கு வந்தார். பெட்டியைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"மேடத்துக்கு அந்தப் பிள்ளைங்க ரூம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றார். "அதுக்குன்னே தனியா ஒரு தொகை ஒதுக்கிட்டாங்க. மூணு ஸ்கூல்லேருந்து பிள்ளைங்களை அனுப்பப் போறாங்களாம். அவங்களே வந்து தொடங்கி வைக்கிறாங்களாம்."

மூச்சு ஜன்னலில் இருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"நான் என்ன பண்ணட்டும்? எழுதினது நான்தான், ஒத்துக்கறேன். இப்ப இல்லைன்னு சொன்னா மொத்தமும் போயிடும். கட்டடத்துல யாரும் குடியிருக்கக் கூடாதுன்னு வேற எழுதியிருக்காங்க." அவர் மூச்சுவின் பக்கம் திரும்பினார். "உனக்கு வேலை போட்டுட்டேன். பிள்ளைங்க ரூமப் பாத்துக்கோ. ராத்திரிக் காவலுக்குன்னு சொல்லித் தையல் ரூம்ல படுத்துக்கோ. நிரந்தர வேலைம்மா, சும்மா இல்ல."

அக்காவுக்குக் கவலை இல்லை. அந்த நாடகம் வெளியூரெல்லாம் போகப் போகிறது. தட்டும் சத்தத்தையும் அந்த வசனத்தையும் சேர்த்தே இப்போது ஆடுகிறார்கள். கீழே ஒரு ஆளை உட்காரவைத்துத் தட்டச் சொல்கிறார்கள். அவள் இன்னொரு நடிகையோடு அறை எடுத்துவிட்டாள்.

"அங்க ரெண்டு கட்டில்தான் போட முடியும்" என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு முதலில் போனவள் அவள்தான்.

அம்மாவுக்கு மாநகராட்சி நடத்தும் ஆதரவற்றோர் இல்லத்தில் இடம் கேட்டு வாங்கியதாக மேனேஜர் சொன்னார். பிள்ளைகள் இருப்பவர்களை அங்கே சேர்க்கமாட்டார்கள். அதனால் யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். "எழுதறது எனக்குப் புதுசா?" என்று தானே சிரித்துக்கொண்டார். சின்னம்மாவைக் கேட்டதற்கு, ஒருநாள் என்றால் சரி, ஆயுசுக்கும் என்றால் எங்கள் வீடு தாங்காது என்று சொல்லிவிட்டாள்.

இல்லத்து வண்டி காலையில் வருவதாகவும், தலைவி மத்தியானம் வந்து அறையைத் தொடங்கி வைப்பதாகவும் ஏற்பாடு. வண்டி தாமதமாக வந்தது. தலைவி வழக்கம்போல முன்னாலேயே வந்துவிட்டாள்.

பின்கட்டு வாசலில் ரிப்பன் கட்டியிருந்தது. அதை ஒரு பக்கம் அவிழ்த்து, இல்லத்து ஆட்கள் இருவர் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். துணிமூட்டை அவள் மடியில் இருந்தது. எதிரே தலைவி.

"யாரு இவங்க?"

"பழைய லைட்மேனோட சம்சாரம் மேடம்" என்றார் மேனேஜர், இமைகூட ஆடாமல். "யாருமில்லாதவங்க. இத்தனை நாளும் நாமதான் பக்கத்துல இடம் பாத்துக் குடுத்து வச்சிருந்தோம். இன்னிக்கு இல்லத்துக்குப் போறாங்க, சொல்லிட்டுப் போக வந்தாங்க."

தலைவி நாற்காலியை இறக்கச் சொன்னாள். அம்மாவின் முன்னால் குனிந்து, தோல் உரிந்து காய்ந்த அந்த விரல்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். இல்லமும் அவள் மேற்பார்வைக்கு உட்பட்டதுதான்.

"உங்களுக்குப் பிள்ளைங்க யாரும் இல்லையாம்மா?"

அம்மா, நிலைப்படியில் புதுத் துணி உடுத்தி, கத்தரிக்கோல் வைத்த தட்டை ஏந்தி நின்றிருந்த மூச்சுவைப் பார்த்தாள். தலைவியும் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"அட, அன்னிக்கு அழுத பொண்ணு! உனக்கும் அம்மா இல்ல, இவங்களுக்கும் யாருமில்ல. மாசத்துக்கு ஒரு தடவை இல்லத்துக்குப் போய் இவங்களைப் பாத்துட்டு வாயேன்மா. உனக்கும் ஆறுதலா இருக்கும்."

சொல்லிவிடலாம். மூன்று எழுத்து, ஒரு மூச்சு. சொன்னால் இல்லத்தில் இடம் போய்விடும், மானியம் போய்விடும், வேலை போய்விடும். அம்மாவும் அவளும் தெருவில் நிற்பார்கள். ஆனால் ஒன்றாக நிற்பார்கள். மூச்சுவின் வாய் திறந்தது. மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். திறந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. கண்மட்டும் பழக்கத்தில் இமைக்காமல் நின்றது. வாசல் வெயில் கண்ணில் அடித்தது. எரிந்தது. இமைத்தாள். பொலபொலவென்று கொட்டியது.

"எவ்வளவு இளகின மனசு பாருங்க" என்று தலைவி மேனேஜரிடம் சொன்னாள்.

அம்மா அந்தக் கண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அது எப்படி வரவழைக்கப்படுவது என்று அவளுக்குத் தெரியும். மகள் பழகிப் பார்த்ததெல்லாம் அவள் கட்டிலுக்கு மேலே தொங்கிய விளக்கை வைத்துத்தான். தலைவியின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். நாற்காலியின் கையில் விரல் கணுவால் இரண்டு தட்டு தட்டினாள். என்னைத் திருப்பு.

தட்டோடு சேர்ந்து மூச்சுவின் கால் ஒரு எட்டு முன்னால் போய்விட்டது. அதற்குள் இல்லத்து ஆட்கள் நாற்காலியைத் தூக்கி வண்டியைப் பார்க்கத் திருப்பினார்கள். அம்மாவின் முதுகுதான் தெரிந்தது. வண்டியின் பின்கதவு சாத்தப்பட்டு, அது தெருமுனை திரும்பும்வரை மூச்சு கத்தரிக்கோல் தட்டை ஏந்தியபடியே நின்றாள்.